கணக்குக் கேட்கும் நாற்காலி யாருக்கு? நெல்லை மாநகராட்சித் தேர்தலை முன்வைத்து

2022 மார்ச்சில் பதவியேற்ற திருநெல்வேலி மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது. மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகள் அதற்கும் முன்பாக, 2021 அக்டோபரில், தேர்ந்தெடுக்கப்பட்டவை. தேர்தல் நெருங்குந்தோறும் நம்மிடையே எழும் கேள்விகள் பழகிப்போனவை. மேயர் பதவி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படும்? எத்தனை வார்டுகள் தனி வார்டுகளாகும்? எந்தக் கூட்டணி எத்தனை இடம் தரும்? இவை தேவையற்ற கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றோடு நின்றுவிடுவதால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. இந்த நகரத்தின் குப்பையை அள்ளும் மக்களின் சார்பில், இந்த நகரத்தின் கணக்கைப் பார்க்கப்போவது யார்?

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் 55 வார்டுகளில் 44-ஐ தி.மு.க.வும் 7-ஐ அதன் கூட்டணிக் கட்சிகளும் வென்றன. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. எண்ணிக்கையின்படி பார்த்தால் எதிர்க்கட்சி என்று ஒன்று அங்கே இல்லை. அப்படியிருந்தும் மன்றம் அமைதியாக நடக்கவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்களே தங்கள் கட்சி மேயருக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தனர். 2024 ஜனவரியில் அதற்கெனக் கூட்டப்பட்ட கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மேயர் பதவி விலகினார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில் கட்சித் தலைமை நிறுத்திய வேட்பாளர் 30 வாக்குகளும், அதே கட்சியைச் சேர்ந்த போட்டி வேட்பாளர் 23 வாக்குகளும் பெற்றனர்.

இதை உட்கட்சிச் சண்டை என்று மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. நாம் வேறு விதமாகப் படிக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் மாமன்றத்தில் வார்டுப் பணிகள் பற்றியும் நிதி ஒதுக்கீடு பற்றியும் கேள்விகள் எழுந்தன. அவற்றுள் பல நியாயமான கேள்விகள். ஆனால் அவை ஓர் அணி இன்னோர் அணியின் மீது வீசும் கல்லாக இருந்தவரைதான் ஒலித்தன. நாற்காலியில் ஆள் மாறியதும் கேள்வியின் சூடும் தணிந்தது. அணிச் சண்டை வேறு, கண்காணிப்பு வேறு. கண்காணிப்பு என்பது தன் கட்சி மேயராக இருந்தாலும் தொடர வேண்டிய அன்றாட வேலை.

அந்த வேலைக்கென்று மாநகராட்சிக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. பணிகள், கல்வி, பொதுச் சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி ஆகிய நிலைக்குழுக்களோடு கணக்குக் குழு என்ற ஒன்றும் உண்டு. அதன் உறுப்பினர்களை மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பந்தங்கள் புழங்கும் குழுக்களுக்குப் போட்டி இருக்கும். கணக்குக் குழுவை விரும்பிக் கேட்டு வாங்குவோர் அரிது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் எழுதும் தணிக்கைத் தடைகளை ஒருவர் வரிவரியாகப் படித்து மன்றக் கூட்டத்தில் எழுப்பினால் போதும், பாதி முறைகேடு தயங்கும். படிப்பதற்கு ஆள் இல்லாததால் அவை கோப்புகளில் உறங்குகின்றன.

வெளியே இருக்கும் ஏற்பாடு உள்ளாட்சி முறைமன்ற நடுவம். 2014-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. ஊழல், முறைகேடு பற்றிய புகார்களை அங்கே கொடுக்கலாம்; கொடுக்கவும் வேண்டும். ஆனால் நடுவரை நியமிப்பது மாநில அரசு. அந்தப் பதவிக்கு நாம் வாக்களிப்பதில்லை. அமெரிக்காவின் சில பெருநகரங்களில் நிலைமை வேறு. நியூயார்க் நகர மக்கள் மேயரோடு சேர்த்து, நகரக் கணக்கைத் தணிக்கை செய்யும் அதிகாரியையும், மக்கள் வழக்குரைஞர் என்ற கண்காணிப்புப் பதவிக்கு ஒருவரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 2022-இல் கென்னத் மெஹியா என்ற இளம் கணக்காளர், நகரின் வரவு செலவில் காவல் துறைக்கு எவ்வளவு, வீடற்றோருக்கு எவ்வளவு என்பதைத் தெருவோரப் பெரும் விளம்பரப் பலகைகளில் எழுதி வைத்தே வாக்குக் கேட்டு, நகரக் கணக்கு அதிகாரியாக வென்றார். நம் சட்டத்தில் அப்படியொரு பதவி இல்லை. ஆகவே, வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்குக் கேட்பவரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

கேட்பார் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மதுரை அருகிலேயே இருக்கிறது. அங்கே அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்திக் கட்டடங்களுக்குச் சொத்துவரி குறைக்கப்பட்டதாக எழுந்த வழக்கில், 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் இரண்டு நிலைக்குழுத் தலைவர்களும் பதவி விலகினர். அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கவனிக்க வேண்டியது, விவகாரம் வெளிவந்த வழி. அன்றைய ஆணையர் காவல் துறைக்குக் கொடுத்த புகாரும் உயர் நீதிமன்றமும் அதைத் திறந்தன. மக்கள் தேர்ந்தெடுத்த குழுக்கள் திறக்கவில்லை.

இதில் தலித் மக்களுக்குத் தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நகராட்சி நிர்வாகத் துறை 2022 அக்டோபரில் வெளியிட்ட அரசாணை 152, சென்னை நீங்கலான 20 மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கித் தூய்மைப் பணியை ஒப்பந்ததாரர் கையில் கொடுக்க வழிசெய்தது. நெல்லையில் அந்தப் பணியைச் செய்வோரில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சமூக மக்கள். நிரந்தரப் பணியாளர் ஒருவரின் ஊதியம் அரசுப் பட்டியலில் பதிவாகும் செலவு. ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியமோ ஒப்பந்ததாரரின் பில்லுக்குள் மறைந்துகொள்ளும் செலவு. பில்லில் எத்தனை பேருக்கு வருகைப் பதிவு, தெருவில் எத்தனை பேர் நின்றார்கள்? மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலிக்கும் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறும் தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம்? பிடித்தம் செய்த வருங்கால வைப்பு நிதி உரிய கணக்கில் கட்டப்பட்டதா? கையுறைக்கும் காலணிக்கும் எழுதப்பட்ட தொகைக்கு அவை வந்து சேர்ந்தனவா? நாம் இவற்றை இதுவரை தொழிலாளர் உரிமைக் கேள்விகளாக வாயிற்கூட்டங்களில் எழுப்பிவந்தோம். அவை அதே அளவு கணக்குக் குழுவின் கேள்விகளும்தான். மாமன்றத்துக்குள் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது ஒப்பந்ததாரர் பதில் சொல்லியாக வேண்டும். வாயிலில் நிற்கும் தொழிலாளி கேட்டால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

ஆற்றின் கதையும் வேறல்ல. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதற்கு எதிராக எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024 நவம்பரில் நேரில் வந்து கரையைப் பார்வையிட்டனர். நீதிபதிகள் வந்து சாக்கடையைப் பார்க்க வேண்டிய நிலை ஒரு மாமன்றத்துக்குப் பெருமை தருவதில்லை. பாதாளச் சாக்கடைத் திட்டம் கட்டம் கட்டமாக ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நகரத்தின் குப்பையோ இராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பவர்கள் சுற்றியுள்ள குடியிருப்புகளின் மக்கள். இவை ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஒப்பந்தமும் ஒரு செலவுச் சீட்டும் இருக்கின்றன.

கேட்பவருக்கு என்ன நேரும் என்பதையும் இந்தப் பள்ளத்தாக்கு அறியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போனவர்களில் 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தனர். அன்றைய நெல்லை மாவட்டத்தின் நக்கலமுத்தன்பட்டியில் தலித் ஊராட்சித் தலைவர் ஜக்கையன் 2006-இல் கொல்லப்பட்டார். நகரத்தை ஒட்டியிருக்கும் தாழையூத்தில் அருந்ததியப் பெண் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட அவர் எடுத்த முயற்சி ஆதிக்கச் சாதியினருக்குப் பொறுக்கவில்லை. அந்த வழக்கில் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 நவம்பர் வரை, அதாவது பதின்மூன்று ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ஊராட்சியில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதி, தனித் தொகுதித் தலைவரை ஆதிக்கச் சாதித் துணைத் தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வைக்கும் கருவியாக எத்தனை ஊர்களில் பயன்பட்டது என்பது செயற்பாட்டாளர்களுக்குத் தெரியாததல்ல. மாநகராட்சியில் அரிவாள் தெரிவதில்லை. அதன் இடத்தில் கட்சிக் கட்டுப்பாடும், நிறுத்தி வைக்கப்படும் வார்டுப் பணியும், அடுத்த முறை சீட்டு இல்லை என்ற சொல்லும் இருக்கின்றன.

இயக்கத்துக்குள் ஒரு மறுப்பு வரும்: முதலில் நம் ஆட்கள் உள்ளே போகட்டும், கண்காணிப்பெல்லாம் பிறகு. பிரதிநிதித்துவத்துக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தை நினைக்கும்போது இந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவு தந்த தனி வார்டிலிருந்து போகும் ஒருவர் ஐந்தாண்டும் வாய் திறக்காமல் தீர்மானங்களுக்குக் கைதூக்கினால், அந்த இருக்கை யாருடையது? தூய்மைப் பணியாளரின் வைப்பு நிதியைப் பற்றிக் கேட்கும் பொது வார்டு உறுப்பினரும், கேட்காத தனி வார்டு உறுப்பினரும் எதிரெதிரே நின்றால், நம் ஆதரவு கேட்பவருக்கே என்று இயக்கம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தால்தான் தனி வார்டுகளில் கட்சிகள் தலையாட்டும் வேட்பாளர்களைத் தேடுவதை நிறுத்தும்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் உடனடியாக வேலை இருக்கிறது. வேட்புமனுத் தாக்கலுக்குப் பிறகு நேரம் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பதில் வர முப்பது நாள் ஆகும். மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். தத்தம் மண்டலத்தின் தூய்மைப் பணி ஒப்பந்தம், வருகைப் பதிவேடு, வைப்பு நிதி செலுத்திய ரசீது, கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கைத் தடைகள் ஆகியவற்றை இப்போதே கேட்டு விண்ணப்பிக்கலாம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தொடங்கிய பகுதி சபைகளின் கூட்ட அறிக்கைகளையும் சேர்த்துக் கேட்கலாம். எத்தனை முறை கூடின, யார் பேசினார்கள் என்பது அவற்றில் இருக்கும். அந்தத் தாள்களோடு தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: வென்றால் கணக்குக் குழுவுக்குப் போட்டியிடுவீர்களா? பதிலை எழுதிக் கையெழுத்திட்டு வாங்கி, வார்டு மக்களின் முன் படித்துக் காட்டுவோம்.