இயற்கையானது எல்லாம் இதமானதா?

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும் பெண்கள், எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, கதவருகே நின்று தயக்கத்துடன் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "இத்தனை வருடம் டியோடரண்ட் போட்டதால்தான் எனக்கு இது வந்ததா?" சில வேளைகளில் கேட்பவர் நோயாளியின் தாயாக இருப்பார். மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தது தாமே என்ற குற்றவுணர்வு அவர் குரலில் தெரியும்.

இதற்கு முதலில் விடை கூறிவிடுகிறோம். அவ்வாறு கருதுவதற்குத் தெளிவான சான்று இல்லை. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் உற்ற 813 பெண்களையும் அந்நோய் இல்லாத 793 பெண்களையும் ஒப்பிட்டது. டியோடரண்ட் பயன்பாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, அந்தப் பாரத்தை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள்.

எனினும், மாற்று வழி தேடுவோரை நாங்கள் தடுப்பதில்லை. கீமோதெரபி பெறுவோருக்குச் செயற்கை மணம் குமட்டலைத் தூண்டலாம். சிலருக்கு மணப்பொருள்களால் அக்குளில் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. இவை நியாயமான காரணங்கள். அச்சத்தால் மாற்றுவது வேறு. தேவை அறிந்து மாற்றுவது வேறு.

வியர்வைக்குத் தன்னளவில் பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் சுரக்கும் சற்றுக் கொழுப்புள்ள வியர்வையைத் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. டியோடரண்ட் அந்நாற்றத்தைக் குறைக்கிறது. வியர்வையையே குறைக்கும் வகைகளில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கிறது. வீட்டு மாற்றுகளுள் பெரும்பாலானவை முதற்பணியை ஓரளவு செய்யும், இரண்டாவதைச் செய்யா. இதை அறிந்து தொடங்கினால் ஏமாற்றம் இராது.

படிகாரத்தை எடுத்துக்கொள்வோம். முடிதிருத்தும் நிலையங்களில் சவரத்துக்குப் பின் தேய்க்கும் அதே கல்தான். நனைத்துப் பூசினால் நுண்ணுயிர் வளர்ச்சியைக் குறைக்கும். ஆனால் அலுமினியத்தைத் தவிர்க்க வேண்டிப் படிகாரத்துக்கு மாறுவோர் ஒன்றை அறிய வேண்டும்: படிகாரமும் ஓர் அலுமினிய உப்பே. சிறுநீரகம் பழுதுற்றோரின் உடல் அலுமினியத்தை எளிதில் வெளியேற்றாது. எனவே டயாலிசிஸ் பெறுவோர் கடைப்பொருளாயினும் கல்லாயினும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

சமையல் சோடா நாற்றத்தை அடக்கும். ஆயினும் அது காரத்தன்மை உடையது, நம் தோலோ சற்று அமிலத்தன்மை உடையது. நாள்தோறும் தேய்த்தால் பலருக்குத் தோல் சிவந்து உரியும். எலுமிச்சைச் சாறு மழித்த தோலில் எரியும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். தேங்காய் எண்ணெய் பலருக்கு இதமானது. வியர்வையை நிறுத்தாது, ஆடையில் கறை படியும்.

அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டோர் குறித்தே எங்களுக்குக் கவலை அதிகம். அவர்களுள் பலருக்கு அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் உணர்வு மரத்திருக்கும். எரிச்சல் தெரியாது, தோல் உரிந்தபின்தான் கண்ணில் படும். அச்சிறு புண்ணின் வழியே கிருமி புகுந்தால் கை வீங்கவும் காய்ச்சல் வரவும் கூடும். கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரின் தோலும் அந்நாட்களில் மென்மையுற்றிருக்கும். இவ்விரு பிரிவினரும் சோடா, எலுமிச்சை, சொரசொரப்பான குளியல் பொடி ஆகியவற்றை விலக்குவதே நன்று. வேறெதைப் பூச விரும்பினாலும் சிகிச்சைக் குழுவைக் கேளுங்கள். மேமோகிராம் எடுக்கும் நாளில் எவருமே அக்குளில் எதையும் பூச வேண்டாம். துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுபோல் தோன்றிக் குழப்பம் விளைவிக்கும்.

மற்றவர்கள் புதியதொன்றை முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு அக்குளுக்குக் கொண்டு செல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். இல்லையேல் தடிப்பு எதனால் வந்தது என்பது புலப்படாது. மழித்த அன்று எதுவும் வேண்டாம். எல்லாவற்றிலும் எளிய மாற்று நம் கைவசமே உள்ளது: மென்மையான சோப்பால் கழுவுதல், மெல்ல ஒற்றி ஈரம் போக்குதல், தளர்ந்த பருத்தி ஆடை, வியர்த்ததும் உடை மாற்றுதல். படுக்கையில் இருப்போருக்கு இதைச் செய்யும் பராமரிப்பாளர் அக்குளைக் கண்ணாலும் பார்த்துவிடுவது நல்லது.

சில நேரங்களில் மறைக்கக் கூடாத செய்தியையும் உடல் சொல்லும். உடல் மணம் திடீரென மாறினாலோ, இரவில் ஆடை நனையுமளவு வியர்த்து உடல் மெலிந்தாலோ, அக்குளில் கட்டி தென்பட்டாலோ, கொப்புளங்கள் மீண்டும் மீண்டும் வந்தாலோ மாற்றுப் பொருள் தேட வேண்டாம், எங்களிடம் வாருங்கள். வியர்வை பற்றிப் பேசுவதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. கதவருகே நின்று கேட்கும் அக்கேள்வியை அடுத்த முறை அமர்ந்திருக்கும்போதே கேளுங்கள்.