யாரும் கிழிக்காத மசோதா

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ கடுமையான குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பதவி போய்விடும் என்கிற 130ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை அமித் ஷா அறிமுகப்படுத்தினார். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நகலைக் கிழித்து அவர் பக்கமாக வீசினார்கள். அன்று இரவு எந்தச் சேனலைப் போட்டாலும் அந்தக் காகிதத் துண்டுகள்தான் பறந்தன.

இன்னொன்று, ஆன்லைன் விளையாட்டு மசோதா. அன்றைக்குத்தான் அறிமுகம், அன்றைக்கே நிறைவேற்றம். மறுநாள் மாநிலங்களவையும் முடித்துக் கொடுத்துவிட்டது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மொத்தம் மூன்று நாள். தாலுகா ஆபீசில் ஒரு வாரிசுச் சான்றிதழ்கூட இந்த வேகத்தில் கைக்கு வராது.

கிழித்தெறியப்பட்ட மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. யாரும் கிழிக்காத மசோதா சட்டமாகிவிட்டது. இது தற்செயல் இல்லை. அரசியலமைப்பைத் திருத்த, வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்த எண்ணிக்கை ஆளுங்கட்சியிடம் இல்லை. சாதாரண மசோதாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவையில் அப்போது இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். நம் வங்கிக் கணக்கு, செல்போன், துறைமுகம், வாடகைத்தாய் ஒப்பந்தம் என்று அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற சட்டமெல்லாம் இந்தச் சாதாரண வகைதான். கேமரா இருப்பதோ அந்த இன்னொரு மசோதாவின் பக்கம்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் பலர் கேட்டது ஒரே கேள்வி: "ஆன்லைன் ரம்மியைத் தடை பண்ணினது நல்லதுதானே, சீக்கிரமா பண்ணினா என்ன தப்பு?" நல்லதுதான் என்றே நானும் நினைக்கிறேன். ரம்மி ஆப்பில் சம்பளத்தை மொத்தமாக விட்டுவிட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாட்டில் நாம் படிக்காத மாதம் இல்லை. இங்கே அதற்கென்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் தள்ளுபடி செய்தது.

ஆக, தில்லியில் மசோதா வந்தபோது கேட்பதற்குக் கேள்விகள் தயாராகக் கிடந்தன. பந்தயமும் சூதாட்டமும் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது நாடாளுமன்றம் எப்படி இதில் சட்டம் போடுகிறது? ரம்மி திறமை சார்ந்த விளையாட்டு என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வேறுபாடே இனி செல்லாது என்றால், காரணம் என்ன? 2023 அக்டோபர் முதல் இதே விளையாட்டுகளுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி போட்டு வசூலித்த அரசுக்கு, இரண்டே வருடத்தில் ஞானோதயம் எங்கிருந்து வந்தது? உள்ளூர் நிறுவனங்கள் மூடினால் ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகமாட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் நல்ல பதிலே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய இடம் அவை. அவையில் விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடக்காததால் கேள்விகள் அப்படியே உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நல்ல சட்டத்தையும் வழக்குக்குத் தீனியாக்கித் தருவதுதான் இந்த வேகம்.

விதிப்புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு மசோதாவுக்கு மூன்று வாசிப்பு. அறிமுகம், பிறகு அதன் அடிப்படை நோக்கம் பற்றிய விவாதமும் பிரிவுவாரியான பரிசீலனையும், கடைசியாக நிறைவேற்றம். அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பாவது உறுப்பினர்கள் கையில் நகல் இருக்க வேண்டும் என்று மக்களவைத் தலைவரின் 19பி வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கும் முன்னால், வரைவைப் பொதுவெளியில் 30 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 2014இல் ஒன்றிய அரசே வகுத்த கொள்கை. ஆனால் 19பியில், தேவைப்பட்டால் அமைச்சர் காரணம் எழுதிக் கொடுத்து விலக்குப் பெறலாம் என்று ஒரு கதவு இருக்கிறது. கொள்கையோ வெறும் கொள்கை, மீறினால் யாரும் கேட்க முடியாது. வீட்டுக்குப் பூட்டு போட்டுச் சாவியையும் பூட்டிலேயே தொங்கவிட்டமாதிரி.

அப்புறம் குரல் வாக்கெடுப்பு. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று நம் சட்டமன்றத்தில் கேட்டிருப்பீர்கள். தில்லியிலும் அதேதான், மொழிதான் வேறு. கூச்சலுக்கு நடுவே தலைவர் ஒரே மூச்சில் கேள்வியைப் போடுகிறார், பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். பிரிவு பிரிவாகப் பரிசீலிப்பது என்றால் நடைமுறையில், பிரிவு இரண்டிலிருந்து கடைசிவரை ஒரே கொத்தாகக் கட்டி ஒரு 'ஆம்'.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால்கூட, எந்த வரியை யார் மாற்றினார், யார் பார்த்து ஒப்புதல் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று 'கிட்'டில் பதிவு இருக்கும். பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்த்து ஒருத்தர் சட்டையைப் பிடிக்கலாம். நூற்று நாற்பது கோடிப் பேரின் தனிப்பட்ட தகவல்களை யார் எப்படிக் கையாளலாம் என்று சொல்லும் சட்டம் 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமாகி, 7ஆம் தேதி மக்களவையிலும் 9ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. இரண்டு இடத்திலும் குரல் வாக்கெடுப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை அடியோடு மாற்றுகிற ஒரு வரி அதற்குள் 44ஆவது பிரிவில் உட்கார்ந்திருந்தது. 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லி ஒரு அதிகாரி கோப்பை மறுப்பதை அந்த வரி எளிதாக்குகிறது. அதற்கு உங்கள் தொகுதி எம்.பி. என்ன சொன்னார்? உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அவராலேயே நிரூபிக்க முடியாது.

பெயர் பதிவாகிற வாக்கெடுப்பை உறுப்பினர்கள் கேட்டு வாங்கலாம். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவை ஒழுங்காக இல்லை என்பது காரணம். விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை: ஒரு வருடத்துக்கும் மேலாக தில்லியின் எல்லைகளில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29இல் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. அதுவும் ஒரே நாளில், இரண்டு அவைகளிலும், விவாதம் இல்லாமல்.

எனக்கு எரிச்சலூட்டும் இன்னொரு சொல் 'உற்பத்தித்திறன்'. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிவிலும் மக்களவை இத்தனை சதவீதம், மாநிலங்களவை இத்தனை சதவீதம் என்று அறிவிக்கிறார்கள். எத்தனை மணி நேரம் திட்டமிட்டோம், எத்தனை மணி நேரம் ஓடியது, அவ்வளவுதான் கணக்கு. எத்தனை வரி கோட் எழுதினாய் என்று எண்ணிச் சம்பள உயர்வு தரும் மேனேஜரை எங்கள் துறையில் கேலி செய்வோம். இது அதைவிட மோசம். 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவை 120 மணி நேரம் விவாதிப்பதாகத் திட்டம், நடந்தது 37 மணி நேரம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே தொடரில் அது 12 மசோதாக்களை நிறைவேற்றியது. அவை ஓடாவிட்டாலும் மசோதா ஓடுகிறது. அப்படியானால் அவை எதற்கு என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எதிர்க்கட்சிகளை விட்டுவிட முடியாது. மணிப்பூரைப் பேச மறுத்தால் கத்தத்தான் வேண்டும், பிஹார் வாக்காளர் பட்டியலைப் பேச மறுத்தாலும் கத்தத்தான் வேண்டும். சரி. ஆனால் மையப்பகுதியில் நின்று கத்துகிற ஒவ்வொரு மணி நேரமும் அரசுக்குப் போனஸ்: விவாதிக்க ஆளில்லை, திருத்தம் கொண்டுவர ஆளில்லை. வெளிநடப்பு செய்தால் இன்னும் வசதி. இருந்தும் பெரிய பழி அரசின் மேல்தான். எந்த நாளில் எந்த மசோதா வர வேண்டும் என்று தீர்மானிக்கும் கை அதனுடையது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 பேரை இடைநீக்கம் செய்து வெளியே உட்கார வைத்துவிட்டு, மூன்று குற்றவியல் சட்டங்களையும் தொலைத்தொடர்புச் சட்டத்தையும் நிறைவேற்றியபோது கத்துவதற்குக்கூட ஆளில்லை. 'இவங்க வந்த அப்புறம்தான் இப்படி' என்று நினைப்பவர்கள், 2014 பிப்ரவரியில் காங்கிரஸ் அரசு நேரடி ஒளிபரப்பை அணைத்துவிட்டு, தெலங்கானா மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் முடித்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். நம்ம ஊரும் யோக்கியம் இல்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21இல் சென்னையில் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

சரி, நாள் முழுக்க விவாதித்தால் தீர்ந்ததா? வக்ஃப் திருத்த மசோதாவை 2025 ஏப்ரலில் மக்களவை பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல், நள்ளிரவு தாண்டி விவாதித்தது. முடிவு 288க்கு 232. கட்சிகள் அறிவித்த நிலைப்பாடுகளை முந்தின நாள் கூட்டிப் பார்த்தவர்களுக்கே ஏறக்குறைய தெரிந்த கணக்கு. பன்னிரண்டு மணி நேரத்தில் யாருடைய மனமாவது மாறியிருந்தாலும் கை மாற முடியாது. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால், ஏன், வராமல் இருந்தால்கூட பதவி போகலாம். ஆட்சியைக் கவிழ்க்க எம்.எல்.ஏ.க்களைப் பேருந்தில் ஏற்றிப் போவதைத் தடுக்க வந்த சட்டம், கப்பல் சரக்கு மசோதாவுக்கும் எதற்குப் பொருந்த வேண்டும்? நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் கொறடா போதும். காங்கிரஸின் மணீஷ் திவாரி இதைத் தனிநபர் மசோதாவாகவே கொண்டுவந்திருக்கிறார். தனிநபர் மசோதாவின் கதி தெரியும்தானே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல்.

கேமரா இல்லாத இடத்தில்தான் மாற்றம் நடக்கிறது. அதாவது குழுக்களில். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. 15ஆவது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். குழு என்றாலே தாமதம், வெட்டிப்பேச்சு என்பவர்களுக்காக ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

2019 ஆகஸ்ட் 5. நாடே காஷ்மீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மக்களவை சத்தமில்லாமல் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று வாடகைத்தாய் முறை பற்றியது, மற்றது திருநர் உரிமை பற்றியது. இரண்டும் மாநிலங்களவைக்கு வந்தன. வாடகைத்தாய் மசோதாவை அங்கே தேர்வுக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழுவின் தலைவர் பாஜகவின் பூபேந்தர் யாதவ்தான். மருத்துவர்களை, பெண்களை, வழக்கறிஞர்களை அழைத்துக் கேட்டார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தையில்லாமல் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை போனது. விதவைகளுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் இடம் கிடைத்தது. வாடகைத்தாய்க்கான காப்பீடு 16 மாதத்திலிருந்து 36 மாதமானது. குறைகள் இன்னும் உண்டு. இருந்தாலும் 2021 டிசம்பரில் நிறைவேறியது வேறு சட்டம், மேலான சட்டம்.

திருநர் மசோதாவுக்கு ஒரு முன்கதை உண்டு. திமுகவின் திருச்சி சிவா 2014இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24இல், ஒரு வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. பல வருடங்களில் ஒரு அவை ஏற்றுக்கொண்ட முதல் தனிநபர் மசோதா அது. அதில் ஆணையம் இருந்தது, இடஒதுக்கீடு இருந்தது, தனி நீதிமன்றம் இருந்தது. மக்களவையில் அது கரை சேரவில்லை. அரசு தன் சொந்த மசோதாவை 2016இல் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த நிலைக்குழுவின் பரிந்துரைகளில் பலவற்றை ஒதுக்கிவிட்டு 2019இல் மறுபடி கொண்டுவந்தது. திருநர் சமூகத்தினர் தெருவில் நின்று எதிர்த்தார்கள். நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாளில், தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா கேட்டார். தோற்றார்.

அந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். திருநர் ஒருவர் மீதான பாலியல் கொடுமைக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. அப்போதே பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சம் பத்து வருடம். குழுவில் உட்கார்ந்து ஒரு திருநங்கை இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வாசித்திருந்தால், எதிரே இருக்கும் எந்தக் கட்சிக்காரரும் நிமிர்ந்து பதில் சொல்லியிருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பிரிவுக்கு யார் யார் ஆம் சொன்னார்கள் என்று அவைக் குறிப்பில் தேடினால் பெயர் ஒன்றும் கிடைக்காது. குரல் வாக்கெடுப்பு.