வீட்டில் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்

சென்ற ஆண்டு ஒரு மாலை, புறநோயாளர் பிரிவில் கூட்டம் குறைந்திருந்த வேளையில், இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் தனியாக வந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன் பொது மருத்துவர் தர வேண்டிய 'ஃபிட்னஸ்' சான்று வேண்டும் என்றார். எந்த அறுவை என்று கேட்டதும் தலை குனிந்தார். மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் பருத்திருப்பதாகவும், நகரில் ஓரிடத்தில் அதை எடுத்துவிட மறுநாளே நேரம் வாங்கியிருப்பதாகவும் மெல்லச் சொன்னார். பதினைந்து வயது முதல் எந்த வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் அணிந்து வருகிறாராம். குடும்பத்தோடு திருச்செந்தூர் சென்றபோது, கோயிலில் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், காய்ச்சல் என்று சொல்லி விடுதி அறையிலேயே படுத்துக்கொண்டாராம். "வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று இருமுறை கேட்டுக்கொண்டார்.

பத்தாம் வகுப்பில் ஒருமுறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இந்தக் கவலையெல்லாம்" என்று சிரித்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பன்று. மகனின் கவலையைச் சிறிதாக்க எண்ணிய சிரிப்பு. ஆயினும் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் மகன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தோற்றத்துக்காகச் செய்துகொள்ளும் அறுவையில், கத்திக்கு நிகரான ஆபத்து இந்த மறைத்தலில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

மறைத்து வருகிறவர் மருத்துவரிடமும் பாதியைத்தான் சொல்வார். உடல் தேறுவதற்கென்று ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டிருந்ததை, நாலைந்து முறை கேட்ட பின்னரே அவர் ஒப்புக்கொண்டார். ஆண்களுக்கு மார்பு பருக்க அத்தகைய ஹார்மோன் ஊசிகள் ஒரு காரணம். தைராய்டு, கல்லீரல், விதைப்பை ஆகியவற்றின் கோளாறும் சில மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம். பருவ வயதில் தோன்றும் பருமன் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். வடியாமல் பல ஆண்டுகள் நிலைத்துவிட்டதற்கு அறுவையே வழி. இவருக்கு இருந்தது பருவ வயதுப் பருமன். ஊசி அதை மேலும் வளர்த்திருந்தது. ஊசியை நிறுத்தாமல் அறுத்திருந்தால் மீண்டும் வளர்ந்திருக்கக்கூடும். அன்று நாங்கள் சான்று தரவில்லை. வீட்டிலிருந்து ஒருவரை, யாரேனும் ஒருவரை, அழைத்து வரச் சொன்னோம். அடுத்த வாரம் அக்காவோடு வந்தார்.

மறைவாகச் செல்பவர்கள் போய்ச் சேரும் இடங்களும் சில வேளை மறைவானவையாகவே இருக்கின்றன. 2016-இல் சென்னையில், தலைமுடி நடும் சிகிச்சைக்குச் சென்ற மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த நிலையத்துக்கு இருந்தது முடிதிருத்தகத்துக்கான உரிமம் மட்டுமே என்பது பின்னர் வெளிவந்தது. மருத்துவம் படித்தவருக்கே அந்த நிலை. 2022-இல் பெங்களூரில் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குச் சென்ற இளம் சின்னத்திரை நடிகை ஒருவர் இறந்தபோது, பெற்றோருக்குத் தெரிவிக்காமலே சென்றிருந்தார் என்று செய்திகள் வந்தன. யூடியூப் காணொளியும் பயிலரங்கும் பார்த்துவிட்டு இத்தகைய சிகிச்சைகளைத் தொடங்குவது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

கேலி வீட்டோடு நிற்பதில்லை. ஆவடி, அம்பத்தூர்ப் பகுதி மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை புதியதன்று. தொழிற்பேட்டையில் பிரஸ் இயந்திரத்தில் விரல் சிக்கியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் அது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த அங்கே, கை அறுவைச் சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே துறையாக இயங்குகின்றன. (பிளாஸ்டிக் என்றதும் ஏதோ செயற்கைப் பொருளை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. பிளாஸ்டிக் குடத்துக்கு முன்பே சிகிச்சைக்கு வந்த பெயர்.)

2018 பிப்ரவரியில் அதே மருத்துவமனையில், அப்போதைய அமைச்சர் சி. விஜயபாஸ்கர் மார்பகச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கிவைத்தார். புற்றுநோயால் மார்பகம் இழந்தவர்களுக்கான சீரமைப்போடு, மார்பக அளவை மாற்றும் அறுவையும் ஏழைப் பெண்களுக்குக் கட்டணமின்றிச் செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு நாளிதழ்கள் வரை செய்தி போயிற்று. உயிர்காக்கும் பணிக்குரிய அரசுப் பணத்தை அழகுக்குச் செலவிடுவதா என்று பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்வி. பணம் அளவோடு இருக்கையில் எதற்கு முதலிடம் என்று யாரேனும் கேட்டே ஆக வேண்டும். ஆனால் எங்கள் மருத்துவர் ஓய்வறை உட்படப் பல இடங்களில் அப்போது நாங்கள் கேட்டது கேள்வியன்று, வெறும் இளிப்பு. மார்பகத்தின் சுமையால் தோளும் கழுத்தும் முதுகும் நாளெல்லாம் வலிக்கும் பெண்ணை, மடிப்பில் வியர்வைப் புண் ஆறாத பெண்ணைப் பார்த்தவர்கள் அப்படிச் சிரித்திருக்க முடியாது. விரலுக்காக அதே துறைக்குச் சென்றவளைப் பார்த்து ஊர் சிரித்ததில்லை. இலவசமாகத் தராவிட்டால் ஏழைகள் கடன் வாங்குவார்கள், அல்லது ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள் என்று அமைச்சர் அன்று சொன்ன காரணத்தோடு எங்களுக்கு உடன்பாடே.

விரும்பியவருக்கெல்லாம் அறுவை செய்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னார்கள் என்று பெண்ணை அழைத்து வரும் பெற்றோரைப் பார்க்கிறோம். அங்கே அறுவை தேவைப்படுவது பெண்ணுக்கன்று. பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறைக்காக நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் நிற்பவருக்கு எந்த அறுவையும் நிறைவு தராது. அது மனநல மருத்துவர் தீர்க்க வேண்டிய துன்பம். ஆனால் இவர் எந்த வகை என்று அறிய, முதலில் அவர் பேச வேண்டும். சிரித்தால் பேச மாட்டார்.

எங்களுக்கும் இதில் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நீரிழிவுக்காக எங்களிடம் வந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர், மூன்று பிரசவத்துக்குப் பின் தொங்கிவிட்ட வயிற்றைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். "இந்த வயதில் எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினோம். பிறகு அவர் வரவேயில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். இடையில் ஏன் வரவில்லை என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே சேக்காட்டிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ இத்தகைய 'ஃபிட்னஸ்' கேட்டு வருகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா, மயக்க மருந்து தருபவர் யார், அந்த இடம் பதிவு பெற்ற மருத்துவமனையா என்று கேளுங்கள்; கேட்டால் கோபிக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம். விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பு போன்ற மருத்துவத் தேவை இருந்தாலன்றிக் காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் கிடைக்காது. புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை, ஜிம் ஊசி எதையும் மறைக்க வேண்டாம். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

உடன் ஒருவரை அழைத்து வாருங்கள். அவருக்கு இந்த அறுவை பிடித்திருக்க வேண்டியதில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பிய இரவில், திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் விழித்திருக்க வேண்டும்.