செங்குத்து வடிவத்தை இனி யார் நடத்துவார்?

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் களைப்பை வகுப்பறையில் கண்டவர்கள் நாம். முடிவை இவ்விதழ் வரவேற்கிறது. ஆனால் அந்தத் தேர்வு எதற்காக வந்ததோ அந்த நோய் இன்னும் தீரவில்லை.

பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் அத்தேர்வு வந்தது. உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018இலேயே அறிவித்து, அதன் பல்லைப் பிடுங்கினார்கள். மிச்சமிருந்த ஒரே கட்டுப்பாடும் இப்போது போயிற்று.

எல்லாப் பாடங்களுக்கும் இழப்பு உண்டு. இவ்விதழ் நெடுங்காலமாகக் கவலைப்படுவது நேர்க்கோட்டைப் பற்றி. பத்தாம் வகுப்பில் புள்ளி-சாய்வு, சாய்வு-வெட்டு, இரு புள்ளி, வெட்டுத்துண்டு வடிவங்களோடு நிறுத்துகிறோம். நிலைக்குத்துக் கோட்டைச் சாய்வு-வெட்டு வடிவில் எழுத முடியாது. ஆதி வழியே செல்லும் கோட்டுக்கும் அச்சுகளுக்கு இணையான கோட்டுக்கும் வெட்டுத்துண்டு வடிவத்தில் இடமில்லை. இந்தக் குறை தீர்க்கும் செங்குத்து வடிவமும் (ஆதியிலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்தின் நீளத்தையும் கோணத்தையும் கொண்டு எழுதுவது) துணையலகு வடிவமும் பதினொன்றின் ஆறாம் அத்தியாயத்தில்தான் வருகின்றன.

புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் காண, கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் ஏன் வகுக்கிறோம்? செங்குத்து வடிவம் கற்ற மாணவி காரணம் சொல்வாள். கல்லாதவள் சூத்திரத்தை ஒப்பிப்பாள். அடுத்த ஆண்டு வெக்டர் பாடத்தில் கோட்டின் துணையலகுச் சமன்பாடும் தளத்தின் செங்குத்து வடிவமும் வரும்போது, இருபரிமாணத்தில் பார்த்திராத ஒன்றை முப்பரிமாணத்தில் எப்படிப் புரியவைப்பது?

இது ஏட்டுக் கணக்கும் இல்லை. படத்திலிருந்து கோடுகளைக் கண்டறியும் முறைக்கு 1962இல் காப்புரிமை பெற்ற பால் ஹஃப், சாய்வையும் வெட்டுத்துண்டையும் நம்பினார். கோடு நிமிர நிமிரச் சாய்வு எல்லையின்றிப் பெருகியது. 1972இல் டூடாவும் ஹார்ட்டும் செங்குத்து வடிவத்துக்கு மாறினார்கள். கோணமும் தூரமும் வரம்புக்குள் அடங்கின. இன்றைக்கும் வழக்கில் இருப்பது அவர்கள் முறைதான். தொழிற்கூடத்திலும் இதே கதைதான். நம் திருப்பாச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போவது காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு. சி.என்.சி. எந்திரத்தில் ஜி-01 கட்டளைக்கு முடிவுப்புள்ளியைக் கொடுக்கிறோம். டூல் நிற்கும் புள்ளியோடு சேர்த்து அது இரு புள்ளி வடிவம். இரண்டு அச்சுகளும் இசைந்து ஒரே நேரத்தில் போய்ச் சேர்வது துணையலகு வடிவம்.

மத்தியப் பாடத்திட்டம் 2022-23இல் செங்குத்து வடிவத்தை நீக்கிவிட்டது. நம் பாடநூல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நூலில் இருந்து என்ன பயன், வகுப்பில் இல்லையென்றால்?

மேலதிகாரிகளைக் கேட்கிறோம். ஆய்வுக்கு வந்தால் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறீர்கள். எமிஸ் இணையதளத்தில் பதிவு முடிந்ததா என்று கேட்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் இன்று எந்தக் கணக்கு நடந்தது என்று எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை விரிக்கும் பள்ளிமீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? தேர்வு வந்தபோதும் போனபோதும் முடிவு மேலிருந்து வந்தது. அதன் சுமை மட்டும் கணக்காசிரியரின் தலையில் விழுந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் பதினொன்றின் அடிப்படையைச் சோதிக்கும் வினாக்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும். பதினொன்றின் பாடத்தை நடத்தாத பள்ளி எதுவானாலும் விளக்கம் கேட்கப்பட வேண்டும். பள்ளியளவிலான ஆண்டுத் தேர்வுத் தாளைக் கல்வி மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் தயாரிக்க வேண்டும்.

இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கணக்காசிரியர்களே, பொதுத்தேர்வு இல்லாவிட்டாலும் ஆறாம் அத்தியாயத்தை முழுமையாக நடத்துங்கள்.