கிளறுவதும் காப்பதும்

காட்டுப் பன்றியையும் ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியையும் ஒப்பிடுதல் பொருந்துமோ என வாசகர் வினவலாம். ஒன்று ஓடித் திரியும் விலங்கு. மற்றொன்று வேருமில்லாச் சிறு பூண்டு. ஆயினும், இரண்டும் தாம் வாழும் நிலத்தையே மாற்றியமைப்பன என்போம்.

பன்றி கிழங்கும் புழுவும் தேடி மூக்கினால் மண்ணைக் கிளறுகின்றது. கிளறிய மண்ணிற் காற்றுப் புக, மட்கிய பொருள் சிதைந்து காபனீரொட்சைட்டாக வெளியேறுகின்றது. தமக்குரியவல்லாத நாடுகளிற் பரவிய பன்றிகளால் ஆண்டுதோறும் 49 இலட்சம் மெற்றிக் தொன் வாயு இவ்வாறு வெளியேறலாம் என 2021இல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர்.

பாசியின் தொழில் இதற்கு நேர்மாறானது. தன் உலர்ந்த நிறையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு நீரைத் தாங்கிச் சூழலை அமிலமாக்குகின்றது. ஆதலின் அங்கு இறந்தவை எளிதில் அழுகா. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் முற்றா நிலக்கரியாகப் படிகின்றன. டென்மார்க்கில் 1950இல் கண்டெடுத்த தொல்லுண்ட் மனிதனின் முகம் 2000 ஆண்டுகளுக்கு மேலாகியும் கெடாதிருந்தமை இதற்குச் சான்று. உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 3 பங்கேயான முற்றா நிலக்கரி நிலங்கள், காட்டு மரங்கள் யாவற்றிலும் மிகுந்த காபனைத் தாங்குகின்றன.

பன்றியைப் பழிப்பது நம் நோக்கமன்று. தாயகக் காட்டில் அதன் கிளறல் விதை முளைக்கவும் இடந்தரும். 1000 ஆண்டுகளிற் பாசி சேர்த்த ஒரு மீற்றர் படிவைச் சில நாளில் வெட்டியெடுத்து எரிப்பவன் மனிதனே. இதனை மாணவர் சிந்திப்பாராக.