கடற்கரைக் கோப்பைகளுக்கு ஒரு கணக்கு வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாயும் நெருக்க, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர்கள் தோளுரசி நிற்கின்றன. வீடு கட்டவே இடம் போதாத இந்த மண்ணிலிருந்துதான் தமிழ்நாட்டின் சந்தோஷ் டிராபி கால்பந்து அணிக்குத் தொடர்ந்து ஆட்டக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய மைக்கேல் சூசைராஜ், இரவிபுத்தன்துறைக்காரர். அடுத்த மார்ச்சில் ஐஎஸ்எல் பட்டம் வென்ற ஏடிகே அணியிலும் அவர் இருந்தார்.

ஆட்டக்காரர்களின் பெயர் வெளியே தெரிகிறது. அவர்களை வளர்த்த ஊர் கிளப்புகளை யாருக்குத் தெரியும்?

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பங்குத் திருவிழா என்று ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், கடற்கரையில் ஒரு டோர்னமென்ட் தொடங்கிவிடும். பெரும்பாலும் நாக்-அவுட். பரிசுத்தொகைக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்பார். கோப்பை, மறைந்த ஒருவரின் நினைவாக இருக்கும். மைக்கில் வர்ணனை ஓடும். பரிசு பெரிதாகும்போது கிளப்புகள் வெளியூரிலிருந்து ‘கெஸ்ட்’ ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கும். வருடம் முழுக்கப் பயிற்சி செய்த உள்ளூர்ப் பையன் அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

ஆட்டம் முடிந்ததும் கதை வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் ஓடும். பிறகு எதுவும் மிஞ்சாது. யார் எத்தனை கோல் போட்டார், எந்த கிளப் எத்தனை ஆண்டு அரையிறுதி வரை வந்தது என்பதற்கு முறையான பதிவு அரிது. சென்னையில் தேர்வுக்குப் போகும் பையனின் கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது.

சிக்கலின் வேர் இதுதான். போட்டிகளுக்குப் பஞ்சமில்லை, ஒரு போட்டிக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை. மாநிலத்தில் நெடுங்காலமாகச் சென்னை லீக்தான் முதன்மையான லீக். அங்கே ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை அணிகளில் இடம் பிடித்தால் வேலையும் உண்டு. அது தனி ஆட்டக்காரருக்குத் திறக்கும் வழி. 700 கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் ஊர் கிளப்புக்கு அந்த வழி இல்லை. முதலமைச்சர் கோப்பையும் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு என்று ஆட்களைத்தான் திரட்டுகிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-ல் ஐ-லீக் 3-ஐத் தொடங்கி, மாநில லீக்குகளிலிருந்து மேலே வரும் பாதையை நீட்டியது. மாவட்டத்துக்குள்ளேயே அந்தப் பாதையின் முதல் படி வலுவாக இல்லாவிட்டால், மேலே எத்தனை படி வைத்தும் கடற்கரைக்குப் பயனில்லை.

கீழ்மட்ட கிளப்புகளுக்கென்றே தனிக் கோப்பை நடத்துவது புதுமையல்ல. இங்கிலாந்தில் எஃப்ஏ வேஸ் 1974-ல் அப்படித்தான் தொடங்கியது. சிறு ஊர்களின் அணிகள் அதில் மோதுகின்றன. ஆனால் இறுதியாட்டம் வெம்ப்ளியில், பெரிய கிளப்புகள் மோதும் கோப்பையின் இறுதியாட்டம் நடக்கும் அதே மைதானத்தில்.

குமரிக் கோப்பை ஒன்றை அப்படி நடத்த முடியும். 16 கிளப்புகள், நாக்-அவுட் முறையில் 15 ஆட்டங்கள். கடற்கரை கிளப்புகளோடு மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து அணிகளையும் சேர்த்தால் மாவட்டக் கோப்பையாகிவிடும். இறுதியாட்டம் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில். ஒவ்வொரு அணியிலும் களத்தில் இருப்பவர்களில் பாதிப்பேராவது அந்த ஊரில் பதிவானவர்களாக இருக்க வேண்டும். கெஸ்டை முழுக்கத் தடுத்தால் கூட்டம் குறையும் என்று அமைப்பாளர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு, அதனால்தான் பாதி என்ற வரம்பு.

எப்போது நடத்துவது என்பதுதான் கடினம். தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தொழில் செய்பவர்கள். மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் நீண்ட நாள் கரையில் இருப்பது அப்போதுதான். ஆனால் அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கடல் கரையை அரிக்கும். எனவே தொடக்கச் சுற்றுகளைக் கால்வாய்க்கு அப்பாலுள்ள பள்ளி, கல்லூரி மைதானங்களுக்கு மாற்ற வேண்டியிருக்கும். கிறிஸ்துமஸ் காலத்தை ஊர்க் கோப்பைகளுக்கே விட்டுவிடலாம். அவற்றை யாரும் ஒழிக்க வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரிய தேவை பதிவேடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தகுதிபெற்ற நடுவர், அவர் கையெழுத்திட்ட கோல் தாள், ஆட்டக்காரரின் வயதுச் சான்று. பரிசுத்தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும். மாவட்டக் கால்பந்து சங்கமும் ஊர்க் கமிட்டிகளும் அடுத்த தடைக்காலத்துக்கு முன் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முதல் ஆண்டை 16 கிளப்புகளோடு தொடங்கிவிடலாம். வெல்லும் அணிக்கு மாநிலப் போட்டியில் ஓர் இடம் தரும்படி தமிழ்நாடு கால்பந்து சங்கத்திடம் கேட்பது அதற்கடுத்த வேலை.