பொருட்காட்சியில அம்மா ஏன் தண்ணி குடிக்கிறதில்ல?

1/ பொங்கல்னா சென்னை தீவுத்திடல், சித்திரைன்னா மதுரை பொருட்காட்சி. குடும்பத்தோட கட்டாயம் போங்க. டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடாதீங்கன்னு சொல்ல இதை எழுதல. வருஷத்துக்கு ஒரு நாள்தானே, சாப்பிடுங்க.

2/ நான் பேச வந்தது வேற. அங்கே அப்பா கரும்புச்சாறு குடிப்பார், பிள்ளைங்க ஐஸ் சாப்பிடும். அம்மாகிட்ட நீட்டினா, "எனக்கு வேணாம், நீங்க குடிங்க." தாகம் இல்லாம இல்லை. குடிச்சா பாத்ரூம் போகணும். எங்க போறது?

3/ அதனால கிளம்பும்போதே தண்ணியை நிறுத்திடுவாங்க. ராத்திரி வீடு திரும்புற வரை அடக்கிக்கிட்டேதான் ராட்டினம், மரணக்கிணறு எல்லாம். மாதவிடாய் நாள்னா இன்னும் கொடுமை. நாப்கின் மாத்த இடம் இருக்காது.

4/ பெண்களுக்கு சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. அதனால பெண்களுக்கு கிருமி சிறுநீர்ப்பைக்கு ஏறுறது சுலபம். தண்ணி குடிச்சு அப்பப்போ சிறுநீர் கழிச்சா அது வெளியேறும். குடிக்காம அடக்கி வச்சா தொற்று வர வாய்ப்பு கூடும். கவனிக்காம விட்டா சிறுநீரகம் வரை போகலாம். கர்ப்பிணிகளுக்கு குறைப்பிரசவம் ஆகவும் வாய்ப்பு உண்டு.

5/ இதுக்கு "நிறைய தண்ணி குடிங்கம்மா"ங்கிற அறிவுரை மட்டும் பத்தாது. குடிச்சுட்டு எங்க போறதுங்கிறதுக்கும் பதில் வேணும்.

6/ 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய்க்கு தமிழ்நாட்டில் தடை வந்துச்சு. நல்ல விஷயம். திங்கிற பொருளை சோதிக்கிற மாதிரி கழிப்பறையையும் சோதிச்ச பிறகுதான் பொருட்காட்சியைத் திறக்க விடணும்.

7/ பெரிசா ஒண்ணும் கேக்கல. தாழ்ப்பாள், விளக்கு, தண்ணி, நாப்கின் போட குப்பைக்கூடை, சுத்தம் பண்ண ஷிஃப்ட் போட்டு ஆள். ஆண்களுக்கு இருக்கிறதைவிட பெண்களுக்கு அதிக எண்ணிக்கை, ஏன்னா அவங்களுக்கு நேரம் கூட ஆகும். நுழைவுச்சீட்டுக்கு காசு வாங்குற இடத்துல இதுக்குத் தனிக் காசு கூடாது.

8/ அதுவரைக்கும்: உள்ளே போனதும் கழிப்பறை எங்கேன்னு முதல்ல பாத்து வைங்க. மோசமா இருந்தா அங்கேயே புகார் கொடுங்க. அம்மா கையில ஒரு தண்ணி பாட்டிலும் கொடுங்க. மறுநாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தா டாக்டரைப் பாருங்க. குளிர் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க.